கோடியக்கரையில் வெளிமானும் பூநாரையும் பார்க்க

ஜனவரியில் போங்கள். வலசைப் பறவைகள் அக்டோபரிலேயே வரத் தொடங்கினாலும், நவம்பர், டிசம்பர் மழையில் உப்புச் சதுப்பில் தண்ணீர் ஏறிவிடும். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்று நீரை வடிகட்டித் தின்னும் பறவை. ஆழம் கூடினால் அந்த இடத்தை விட்டுவிடும். போன வருடம் பார்த்த இடத்திலேயே தேடி ஏமாறுகிறவர்கள் நிறைய. அன்றைக்குப் பூநாரைக் கூட்டம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று வனத்துறையினரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முந்தின இரவே வேதாரண்யத்தில் தங்கிவிடுங்கள். அங்கிருந்து கோடியக்கரை சுமார் 11 கி.மீ.தான். நாகையிலிருந்து காலையில் கிளம்பினால் மான் மேயும் நேரம் தப்பிப்போகும். வெயில் ஏறியபின் சதுப்பில் கானல் ஆடும், பைனாகுலரில் பறவையின் உருவமே கலங்கும்.

புல்வெளிக்கு வந்ததும் எஞ்சினை அணைத்து, இறங்காமல் கால் மணி நேரம் காத்திருங்கள். வண்டியைக் கண்டு மிரளாத வெளிமான், ஆள் இறங்கியதும் பாய்ந்துவிடும். கிடாவுக்குக் கரிய முதுகு, வெள்ளை வயிறு, கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், முறுக்கிய கொம்பு. பெட்டைக்குக் கொம்பில்லை, நிறமும் பழுப்பு. அதைப் புள்ளிமான் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே புள்ளிமானும் உண்டு. உடம்பில் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள், போதும். காட்டில் திரியும் மட்டக்குதிரைகளுக்குத் தீனி தராதீர்கள். அருகில் போனால் உதைக்கும். குரங்குகள் இருப்பதால் கார் கண்ணாடியை ஏற்றியே வையுங்கள்.

ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர், தொப்பி, காக்கியோ மங்கிய பச்சையோ உடுப்பு. சதுப்பின் மேல் காய்ந்த வெள்ளைப் பொருக்கு தரைபோலத் தெரியும். கால் வைத்தால் கணுக்கால் வரை இறங்கும். கரையிலேயே நில்லுங்கள்.

திரும்பும் வழியில் அகஸ்தியம்பள்ளியில் உப்புச் சத்தியாகிரக நினைவுத்தூணைப் பாருங்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பெடுத்த பகுதி இது. பக்கத்திலேயே உப்பளங்கள். மழைக்குப் பின் பாத்தியை மிதித்து இறுக்கும் வேலை நடக்கும் காலம் என்பதால், கேட்டுக்கொண்டு வரப்பில் மட்டும் நடங்கள். பாத்திக்குள் செருப்புக்கால் பட்டால் அடிமண் கலங்கும், விளையும் உப்பு பழுப்பாகும்.