பெயர் மறந்துபோன சுவிஸ் கடிகாரங்கள்: முதல் பழைய கைக்கடிகாரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

சுவிட்சர்லாந்தின் கிரென்சன் என்னும் சிற்றூரில் 1856-இல் தொடங்கிய எடர்னா நிறுவனம், 1948-இல் தன் தானியங்கிக் கடிகாரத்தின் ரோட்டாரை, அதாவது கை அசைவில் சுழன்று சாவி ஏற்றும் எடையை, ஐந்து நுண்ணிய குண்டுகள் கொண்ட பால் பேரிங்கின் மேல் சுழல வைத்தது. இன்றைய தானியங்கிக் கடிகாரங்களில் பெரும்பாலானவை அந்த வழியையே பின்பற்றுகின்றன. ஆயினும் அதே காலத்து ஒமேகாவுக்குக் கொடுக்கும் விலையில் ஒரு சிறு பகுதியே ஒரு பழைய எடர்னாவுக்குப் போதும். வேலைப்பாடு குறைந்ததால் வந்த விலை அன்று இது. 1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானில் மின்கலத்தில் ஓடும் சைக்கோ அஸ்ட்ரான் குவார்ட்ஸ் கடிகாரம் விற்பனைக்கு வந்தது. அடுத்த பதினைந்து ஆண்டுகளில் சுவிஸ் கடிகாரத் தொழில் ஏறத்தாழ 90,000 பணியாளர்களிலிருந்து முப்பதாயிரத்துச் சொச்சமாகச் சுருங்கியது. பல நிறுவனங்கள் மூடப்பட்டன, பல கைமாறின, விளம்பரம் நின்றது. மக்கள் பெயரை மறந்தார்களே தவிர, அந்தக் கடிகாரங்களின் தரம் எங்கும் போய்விடவில்லை.

படி 1: பெயர்களை அறிந்துகொள்ளுங்கள்

எடர்னா, சர்டினா, எனிகார், சோடியாக், சைமா, ரோமர் ஆகியவற்றிலிருந்து தொடங்கலாம். அதிர்ச்சியையும் நீரையும் தாங்குவதற்கென 1959-இல் வந்த சர்டினா டிஎஸ் வரிசை இன்னும் உரிய மதிப்பைப் பெறவில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

நமக்கு மிக நெருங்கிய பெயர் ஃபாவ்ர் லூபா. சுவிட்சர்லாந்தின் லெ லொக்ல் நகரில் 1737-இல் வேர்விட்ட இந்த நிறுவனம், பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் கால்பதித்தது. கடல்மட்டத்திலிருந்து உயரத்தை அளக்கும் பிவுவாக் என்ற கைக்கடிகாரத்தை 1962-இல் செய்ததும் இதுவே. தாத்தாவின் பெட்டியிலிருந்து இந்த நிறுவனத்தின் 'சீ கிங்' ஒன்று கிடைத்தால், அதை வெறும் நினைவுப்பொருளாக மூடி வைத்துவிடாதீர்கள்.

படி 2: பின்மூடியைத் திறக்கச் சொல்லுங்கள்

உள்ளிருக்கும் எந்திரத்தைப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம். துரு, நீர்க்கறை, தலை சிதைந்த திருகுகள் ஆகிய மூன்றையும் தேடுங்கள். முன்னும் பின்னும் அலைந்து ஓட்டத்தைச் சீராக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் நடுவில் உள்ள சிவப்புக் கல்லின் மேல் யாழ் வடிவத்தில் ஒரு மெல்லிய வில் தெரிந்தால், அது இன்காப்ளாக் எனப்படும் அதிர்ச்சித் தாங்கி. கடிகாரம் கீழே விழும்போது அந்தச் சக்கரத்தின் அச்சு நுனி முறியாமல் காப்பது அதுதான்.

அன்று பல நிறுவனங்கள் ஏஎஸ், ஈடிஏ, பெசூ போன்ற ஆலைகளிடமிருந்து அடிப்படை எந்திரத்தை வாங்கித் தம் கடிகாரங்களில் பொருத்தின. ஏஎஸ் 1187 அல்லது ஈடிஏ 2390 என்ற எண்ணுள்ள எந்திரம் கொண்ட கடிகாரத்துக்கு உதிரிபாகம் கிடைப்பது எளிது. ஃபாவ்ர் லூபாவின் 251 வரிசை எந்திரங்களில் கடிகாரத்தை ஓட்டும் மெயின்ஸ்பிரிங் சுருளை அடக்கிய உருளைகள் இரண்டு இருக்கும். அவ்வளவு மெல்லிய எந்திரத்துக்குள் அது அரிய வேலைப்பாடு. ஆனால் அதன் பாகத்தைப் பெரும்பாலும் ஓடாத இன்னொரு கடிகாரத்திலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், முதல் கடிகாரமாக அதை நான் பரிந்துரைப்பதில்லை.

படி 3: டயலை உருப்பெருக்கியில் படியுங்கள்

பழைய கடிகாரத்தின் மதிப்பில் பெரும்பங்கு டயலில் இருக்கிறது; ஏமாற்றமும் அங்கேதான் அதிகம். நம் நாட்டுச் சந்தையில் பழைய டயலைச் சுரண்டி, புதிய வண்ணம் பூசி, எழுத்துகளை மீண்டும் அச்சிட்டு விற்பது வழக்கமாகிவிட்டது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியை வைத்து முதலில் ஆறு மணிக்குக் கீழே பாருங்கள். 'சுவிஸ் மேட்' என்ற எழுத்துகள் டயலின் விளிம்பை ஒட்டி, மிகச் சிறியதாக, கூர்மையாக இருக்க வேண்டும். மறுபூச்சு டயலில் அவை தடித்து, மை கசிந்தது போலத் தெரியும், அல்லது காணாமலே போயிருக்கும். அடுத்து நிமிடக் கோடுகள். ஒவ்வொரு மணிக்குறிக்கும் நேராக நிமிடக் கோடு நிற்கிறதா என்று பன்னிரண்டையும் சுற்றி வாருங்கள். ஓரிடத்தில் அரைக்கோடு விலகியிருந்தாலும் ஐயப்பட வேண்டும். ஆரஞ்சு, பச்சை, நீலம் எனப் பளிச்சிடும் நிறங்களில் ஒரே மாதிரி பத்துக் கடிகாரங்கள் அடுக்கியிருந்தால் விலகிவிடுங்கள். பழுப்பேறிய, ஓரத்தில் சிறு புள்ளிகள் விழுந்த அசல் டயலையே நான் எப்போதும் தேர்ந்தெடுப்பேன்.

இருளில் ஒளிரும் பூச்சு இருந்தால் எச்சரிக்கை தேவை. 1960-களின் தொடக்கம் வரை ரேடியம் பயன்பட்டது. ஒளி மங்கினாலும் அதன் கதிரியக்கம் நீடிக்கிறது. கடிகாரத்தை நீங்களே திறக்கவோ அந்தப் பூச்சைச் சுரண்டவோ கூடாது. 'சுவிஸ்' என்ற சொல்லின் இருபுறமும் 'டி' என்ற எழுத்து இருந்தால், அந்தப் பூச்சு ரேடியத்தைவிடக் கதிரியக்கம் குறைந்த டிரிட்டியம்.

படி 4: சாவி கொடுத்துப் பாருங்கள்

கையால் சாவி கொடுக்கும் கடிகாரமானால், சாவி கொடுக்கும்போது சீரான 'கிளிக்' ஓசை கேட்க வேண்டும்; இடையில் வழுக்கக் கூடாது; இறுதியில் இறுகியதும் நிறுத்திவிடுங்கள். முலாம் பூசிய கூடாக இருந்தால், ஸ்ட்ராப் மாட்டும் காதுகளின் முனையைப் பாருங்கள், முதலில் தேய்வது அந்த இடம்தான். கண்ணாடியில் கீறல் இருப்பதற்காக வேண்டாமென்று ஒதுக்காதீர்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக்காகவே இருக்கும், மெருகேற்றினால் தெளிந்துவிடும்.

படி 5: சர்வீஸ் செய்து, கணக்கு வையுங்கள்

'நன்றாக ஓடுகிறது' என்று விற்பவர் சொன்னாலும், முழு சர்வீஸ் செலவை விலையோடு சேர்த்தே கணக்கிடுங்கள். உலர்ந்த எண்ணெயுடன் ஓடும் எந்திரம் தன்னைத்தானே தேய்த்துக்கொள்கிறது. பின்மூடியில் என்ன எழுதியிருந்தாலும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சர்வீஸ் முடிந்து வந்ததும் ஒரு வாரம் காலையில் ஒரே நேரத்தில் சாவி கொடுத்து, கைப்பேசியின் நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வாருங்கள். நாளொன்றுக்கு அரை நிமிடத்துக்குள் கூடவோ குறையவோ இருந்தால், அறுபது வயதுக் கடிகாரத்துக்கு அது நல்ல ஓட்டம். திடீரென ஒரே நாளில் பத்து நிமிடம் முந்தினால் அஞ்ச வேண்டாம். ஸ்பீக்கர் அல்லது கைப்பையின் காந்தப் பூட்டு அருகே வைத்ததால் பேலன்ஸ் சக்கரத்தோடு இணைந்த மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறியிருக்கக்கூடும். பழுதுபார்ப்பவர் தம் கருவியில் வைத்துச் சில நொடிகளில் அதை நீக்கிவிடுவார்.