பழைய புடவையில் லினோ அச்சு: இரண்டு பேர் சேர்ந்து செய்வது

லினோ என்பது உளியால் எளிதில் செதுக்கக்கூடிய லினோலியம் தகடு. அதில் படம் செதுக்கி, மை ஒற்றி, துணியில் பதிப்பதுதான் லினோ அச்சு. இதற்குக் கடைத்துணி வேண்டாம். பிள்ளைகள் வெளியூரில் இருக்க, உங்கள் தெருவில் தனியாக இருக்கும் பாட்டியிடமோ தாத்தாவிடமோ ஒரு பழைய பருத்திப் புடவையோ வேட்டியோ கேளுங்கள். யார் எடுத்துக் கொடுத்தது, எந்த ஊர் நெசவு என்று விசாரித்தாலே பேச்சு தானாக நீளும். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னைக் கடற்கரையைத் தேடி வந்ததே துணிக்காகத்தான். 1734-ல் சிந்தாதிரிப்பேட்டையை நெசவாளர்களுக்காகவே உண்டாக்கினார்கள். இவ்வளவு துணி நெய்த ஊரில் உடுத்தியவர்களின் கதையை நாம்தான் கேட்டு வைக்க வேண்டும்.

பேச்சில் வரும் ஒரு பொருளை வரைந்துகொள்ளுங்கள்: காபி ஃபில்டர், டிரங்குப் பெட்டி, சாய்வு நாற்காலி, எதுவானாலும்.

துணியைக் கஞ்சி போகத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஓரடிச் சதுரங்களாக வெட்டுங்கள். மஞ்சள் கறையும் ஒட்டுத் தையலும் அப்படியே இருக்கட்டும்.

உள்ளங்கை அளவு லினோ துண்டில் படத்தைக் கார்பன் தாள் வைத்து எடுங்கள். அச்சில் இடவலம் மாறும். எழுத்து இருந்தால் திருப்பி எழுதுங்கள். லினோ விறைப்பாக இருந்தால் கொஞ்ச நேரம் வெயிலில் வையுங்கள், இளகிவிடும். பிறகு உளியால் செதுக்குங்கள். உளி போகும் பாதையில் மற்றக் கை இருக்கவே கூடாது. செதுக்கிய இடத்தில் மை ஒட்டாது, துணியின் நிறமே தெரியும்.

மேஜையில் போர்வையை மடித்துப் போட்டு, அதன்மேல் துணியை விரியுங்கள். துணிக்கான ஸ்க்ரீன் பிரிண்டிங் மையை ஸ்பாஞ்சால் லினோவில் மெல்லிசாக ஒற்றி, கவிழ்த்து வைத்து, உள்ளங்கையால் அழுத்தி, நேராகத் தூக்குங்கள். மறுபடி மை தொடாமல் அடுத்தடுத்துப் பதித்தால் நாற்காலி மங்கிக்கொண்டே போகும். தனிமையை இதைவிட நன்றாகக் காட்டும் வழி எனக்குத் தெரியாது. பிறகு புதிதாக மை ஒற்றி அவரையே அழுத்தச் சொல்லுங்கள். வயதான கையின் அழுத்தம் ஒரு பக்கம் திட்டாகவும் மறுபக்கம் வெளிறியும் விழும். அதைச் சரிசெய்யாதீர்கள்; எனக்கு அதுதான் அழகு.

ஒரு நாள் காயட்டும். ஐப்பசி மழையில் இரண்டு நாள். பின்பக்கமாகச் சூடான இஸ்திரி மூன்று நான்கு நிமிடம். அவர் பதித்த சதுரத்தையும் உங்களுடையதையும் ஓட்டத் தையலில் இணையுங்கள். ஊசியில் நூல் கோத்து அவரிடம் நீட்டுங்கள். தையல் பலருக்கும் நம்மைவிட நன்றாக வரும். இணைத்த துண்டு அவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த சதுரத்துக்கு எந்தக் கிழமை வரலாம் என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.