மருத்துவ பில் கலெக்‌ஷனுக்குப் போய்விட்டதா? அமெரிக்காவில் புதிதாகக் குடியேறியவர்களுக்கான செய்முறை விளக்கம்

அமெரிக்காவுக்கு வந்து ஓரிரு ஆண்டுகளே ஆனவர்களின் கடன் வரலாற்றைக் காட்டும் கிரெடிட் அறிக்கையில் ஒரு கார்டும், மிஞ்சிப்போனால் ஒரு கார் கடனும்தான் இருக்கும். ஊரில் பல ஆண்டுகள் தவணை தவறாமல் வீட்டுக் கடன் கட்டிச் சேர்த்த சிபில் மதிப்பெண் இங்குள்ள அறிக்கையில் சேர்வதில்லை. அப்படிப்பட்ட மெலிந்த அறிக்கையில் ஒரே ஒரு மருத்துவ பாக்கி ஏறினாலும் மதிப்பெண் வெகுவாகச் சரியக்கூடும். ஆனாலும் பாக்கியை வசூலிக்க மருத்துவமனை ஒப்படைத்த வசூல் நிறுவனத்தின் (கலெக்‌ஷன் ஏஜென்சி) கடிதத்தைப் பார்த்த பதற்றத்தில் உடனே பணம் கட்டிவிடாதீர்கள். அந்தத் தொகையைக் கட்ட வேண்டியவர் நீங்களா, இன்சூரன்ஸ் நிறுவனமா என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும்.

படி 1: அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள்

ஈக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் ஆகிய, கிரெடிட் அறிக்கைகளைத் தயாரிக்கும் மூன்று கிரெடிட் பீரோக்களின் அறிக்கைகளையும் ஆனுவல் கிரெடிட் ரிப்போர்ட் டாட் காம் தளத்தில் வாரம் ஒருமுறை இலவசமாக எடுக்கலாம். கட்டி முடித்த மருத்துவ பாக்கியை 2022 ஜூலை முதல் இந்த பீரோக்கள் அறிக்கையில் காட்டுவதில்லை. கட்டாத பாக்கியும் ஓராண்டு கடந்த பிறகுதான் ஏறும். 500 டாலருக்குக் குறைவான மருத்துவ பாக்கிகளை 2023 ஏப்ரலில் நீக்கிவிட்டார்கள். எனவே உங்கள் அறிக்கையில் உள்ள பதிவு அங்கே இருக்கவே கூடாத ஒன்றாக இருக்கலாம்.

இவை பீரோக்கள் தாமாக எடுத்த முடிவுகள். மருத்துவக் கடனை அறிக்கையிலிருந்து அடியோடு விலக்க, சிஎஃப்பிபி என்னும் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2025 ஜனவரியில் கொண்டுவந்த விதியை டெக்சாஸில் உள்ள ஒரு கூட்டாட்சி நீதிமன்றம் அதே ஆண்டு ஜூலையில் ரத்து செய்துவிட்டது. "இனி மருத்துவக் கடன் அறிக்கையில் வராது" என்று வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிவரும் செய்தியை நம்பிச் சும்மா இருந்துவிட வேண்டாம்.

படி 2: பில்லையும், இன்சூரன்ஸின் விளக்க அறிக்கையான இஓபியையும் ஒப்பிடுங்கள்

பெரும்பாலான சிக்கல்கள் இந்தப் படியிலேயே தீர்ந்துவிடும் என்பதால் இதில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். மருத்துவமனையின் பில்லிங் பிரிவைத் தொடர்புகொண்டு, ஒவ்வொரு சிகிச்சைக்கும் தனித்தனியாகத் தொகை குறித்த விவரமான பில்லைக் கேளுங்கள். இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் இஓபியில் "நோயாளி கட்ட வேண்டியது" என்று காட்டியுள்ள தொகையோடு அதை வரிக்கு வரி ஒப்பிடுங்கள். இஓபியில் 40 டாலர் என்றிருக்க, வசூல் கடிதம் 900 டாலர் கேட்டால், மருத்துவமனை இன்சூரன்ஸுக்குச் சரியாக பில் அனுப்பவில்லை என்று ஐயப்படலாம்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு தொல்லை உண்டு. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று பிரிக்காமல் ஒரே பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு விசாவில் எஃப்என்யூ (முதற்பெயர் தெரியவில்லை) என்று அச்சாகிவிடுகிறது. வேலையிடத்து இன்சூரன்ஸில் ஒரு விதமாகவும், மருத்துவமனைப் பதிவில் அப்பா பெயரைச் சேர்த்து வேறு விதமாகவும் பெயர் பதிவாகியிருந்தால், "இப்படி ஓர் உறுப்பினர் இல்லை" என்று இன்சூரன்ஸ் கோரிக்கை திரும்பிவிடக்கூடும். பிறந்த தேதியில் நாளும் மாதமும் இடம் மாறினாலும் இதே கதிதான். இரண்டு இடங்களிலும் பெயரையும் தேதியையும் ஒரே மாதிரியாகத் திருத்தச் சொல்லி, இன்சூரன்ஸுக்கு மறுபடியும் பில் அனுப்பும்படி எழுத்தில் கேளுங்கள். இன்சூரன்ஸ் மறுத்த கோரிக்கைக்கு மேல்முறையீடு செய்யப் பொதுவாக 180 நாள் அவகாசம் உண்டு.

அவசர சிகிச்சைக்காக நெட்வொர்க்கில் இல்லாத, அதாவது உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் இல்லாத மருத்துவமனைக்குப் போக நேர்ந்திருந்தால், 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் கூடுதல் பில்லிலிருந்து உங்களைக் காக்கும். சாலையில் ஓடும் ஆம்புலன்ஸுக்கு மட்டும் அந்தச் சட்டம் பொருந்தாது என்பது வருந்தத்தக்க ஓட்டை.

தொகை சரியானதுதான், ஆனால் கட்ட இயலவில்லை என்றால், லாப நோக்கற்ற மருத்துவமனைகள் நிதியுதவித் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது கூட்டாட்சி வரிச் சட்டத்தின் நிபந்தனை. வீடு திரும்பிய பின் வந்த முதல் பில்லின் தேதியிலிருந்து 240 நாள் வரை அதற்கு விண்ணப்பிக்கலாம். வேலை இல்லாதவர்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துப் பலர் கேட்பதே இல்லை. வருமான வரம்பு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறுவதால் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை.

படி 3: வசூல் நிறுவனத்துக்குக் கடிதம்

வசூல் நிறுவனம் உங்களை முதலில் தொடர்புகொண்ட 5 நாட்களுக்குள் கடன் விவரங்களைத் தெரிவிக்க வேண்டும். அந்த அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் நீங்கள் எழுத்துமூலம் மறுத்தால், சான்று அனுப்பும் வரை அவர்கள் வசூலை நிறுத்திவைக்க வேண்டும் என்று 1977ஆம் ஆண்டின் கடன் வசூல் சட்டம் சொல்கிறது. கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: கணக்கு எண், "இந்தக் கடனை மறுக்கிறேன்" என்ற வரி, சிகிச்சை நடந்த தேதி, இடம், தொகைக் கணக்கு ஆகியவற்றுக்கான சான்றைக் கேட்கும் வரி. பெறுகைச் சீட்டோடு சர்ட்டிஃபைட் மெயிலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள்.

தொலைபேசியில் "கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிவிடுகிறேன்" என்று சொல்லிவிடாதீர்கள். பல மாநிலங்களில் பழைய கடனுக்குச் சிறு தொகை கட்டினாலே, வழக்குத் தொடர்வதற்கான காலவரம்பு புதிதாகத் தொடங்கிவிடும்.

படி 4: பீரோக்களில் மறுப்பு

பதிவு எந்தெந்த பீரோவில் இருக்கிறதோ, அங்கெல்லாம் தனித்தனியாக மறுப்பு அனுப்புங்கள். "இது தவறு" என்று பொதுவாக எழுதுவதைவிட, "இஓபியின்படி நான் கட்ட வேண்டியது 40 டாலர்; அதைக் கட்டிய ரசீது இணைப்பில் உள்ளது" என்று எழுதுவது பலன் தரும். பீரோ பொதுவாக 30 நாட்களுக்குள்ளும், சில சூழல்களில் 45 நாட்களுக்குள்ளும் விசாரித்து முடிக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் சிஎஃப்பிபி தளத்தில் புகார் பதியலாம். எல்லாவற்றையும் நீக்கித் தருகிறோம் என்று முன்பணம் கேட்கும் கிரெடிட் ரிப்பேர் நிறுவனங்களை அண்டவே வேண்டாம். வேலையை முடிக்கும் முன் அவர்கள் கட்டணம் வாங்குவதே சட்ட மீறல்.

படி 5: கடன் வரலாற்றைச் சேர்ப்பது

கடன் தருபவர்கள் பரவலாகப் பார்க்கும் ஃபைகோ மதிப்பெண் உருவாகக் குறைந்தது ஆறு மாதம் பழைய ஒரு கணக்காவது வேண்டும். அதற்கு எளிய வழி செக்யூர்டு கார்டு: பல வங்கிகளில் 200 டாலர் டெபாசிட் கட்டினால் அதே அளவுக்குக் கடன் வரம்பு தருவார்கள். மாதத்துக்கு ஒரு கைப்பேசி பில் மட்டும் அதில் போகட்டும். முழுத் தொகையும் ஆட்டோ பே மூலம் தானாகவே கட்டப்படட்டும். ஃபைகோ கணக்கீட்டில் தவணை ஒழுங்குக்கு 35 விழுக்காடும், நிலுவைத் தொகைகளுக்கு 30 விழுக்காடும் எடை இருப்பதால், இந்த ஒரு பழக்கமே பெரும்பகுதியைப் பார்த்துக்கொள்ளும். நல்ல வரலாறு உள்ள வாழ்க்கைத் துணையின் கார்டில் ஆதரைஸ்டு யூசராக (கூடுதல் பயனராக) சேர்வதும், உறுப்பினர்களுக்கான கூட்டுறவு நிதி நிறுவனமான கிரெடிட் யூனியனில், வரலாறு சேர்ப்பதற்கென்றே தரும் கிரெடிட் பில்டர் கடன் எடுப்பதும் உதவும். ஒரே மாதத்தில் நான்கைந்து கார்டுகளுக்கு விண்ணப்பித்தால், அந்த விசாரிப்புகள் ஒவ்வொன்றும் இரண்டு ஆண்டுகள் அறிக்கையில் நிற்கும்.

இலவசச் செயலிகள் பெரும்பாலும் காட்டுவது வான்டேஜ் ஸ்கோர் என்னும் வேறொரு மதிப்பெண்; அதன் 3.0, 4.0 பதிப்புகள் மருத்துவ பாக்கிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. வீட்டுக் கடன் தருபவர்கள் நெடுங்காலமாகப் பார்த்துவரும் பழைய ஃபைகோ பதிப்புகள் அவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும். எனவே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால், செயலியில் தெரியும் எண்ணை நம்பிவிடாமல், விண்ணப்பத்துக்குச் சில மாதங்கள் முன்பே மூன்று அறிக்கைகளையும் எடுத்துப் படி 1இலிருந்து தொடங்குங்கள்.