கிராமில் இருக்கும் கேக் குறிப்பைக் கப்பில் அளப்பது எப்படி?

திருமங்கலம் பக்கம் எங்கள் அம்மாச்சி வீட்டில் அரிசிக்கும் பொரிக்கும் ஒரே உழக்குதான். அரிசி அளந்தால் உழக்கு கனக்கும், பொரி அளந்தால் கையில் எடையே தெரியாது. கேக் கணக்கும் இதேதான். கப் என்பது கொள்ளளவு, கிராம் என்பது எடை. அதனால் "ஒரு கப் எத்தனை கிராம்?" என்று யாராவது கேட்டால், எந்தப் பொருள் என்று திருப்பிக் கேளுங்கள்.

1. முதலில் உங்கள் கப்பின் அளவு

பெரும்பாலான குறிப்புகளில் ஒரு கப் 240 மில்லி, சிலவற்றில் 250. வீட்டு டம்ளரைச் சோதிக்க அரை லிட்டர் பால் பாக்கெட் போதும். இரண்டு டம்ளர் விளிம்புவரை நிரம்பி ஒரு மேசைக்கரண்டிக்குச் சற்று அதிகமாக மிஞ்சினால் அது 240 மில்லி டம்ளர். மிச்சமே இல்லாமல் சரியாக நிரம்பினால் 250.

2. மைதாவை அளக்கும் விதம்

தவறு அதிகம் நடக்கும் இடம் இதுதான். டப்பாவில் இருக்கும் மாவைக் கரண்டியால் கிளறித் தளர்த்துங்கள். அப்புறம் கரண்டி கரண்டியாகக் கப்பில் போட்டு, கத்தியின் பின்பக்கத்தால் தலை வழித்துவிடுங்கள். தட்டவோ அமுக்கவோ வேண்டாம். இப்படி அளந்தால் 240 மில்லி கப்புக்கு ஏறக்குறைய 120 கிராம் வரும். கப்பையே டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளினால் 150 கிராம்கூட ஏறிவிடும். இரண்டு கப் கேட்கும் கேக்கில் அது 60 கிராம், அதாவது அரை கப் மாவு கூடுதல். என் முதல் குக்கர் கேக் மேலே வெடித்து, உள்ளே வறண்டு உதிர்ந்தது. சோடா பழசு என்றுதான் நினைத்தேன். தராசு வாங்கி அளந்து பார்த்த பிறகே காரணம் புரிந்தது.

3. மற்ற பொருள்கள்

அதே கப்புக்குச் சீனி 200 கிராம், பொடித்த சீனி 120, வெண்ணெய் 227, எண்ணெய் சுமார் 220, பால் 245, தேன் 340. சீனியையும் அதைப் பொடித்ததையும் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகக் கப்பில் அளக்காதீர்கள். எவ்வளவு வித்தியாசம் பாருங்கள்!

4. வகுத்தால் போதும்

குறிப்பில் மைதா 180 கிராம், சீனி 150 கிராம் என்று இருக்கிறதா? 180-ஐ 120-ஆல் வகுத்தால் ஒன்றரை கப். 150-ஐ 200-ஆல் வகுத்தால் முக்கால் கப். கப்பிலிருந்து கிராமுக்குப் போகப் பெருக்குங்கள், சரியாக வரும்.

5. சோடாவும் பேக்கிங் பவுடரும்

இவற்றை எடை போடாதீர்கள். ஒவ்வொரு கிராமாக நகரும் சமையலறைத் தராசு இவ்வளவு சிறிய அளவைச் சரியாகக் காட்டாது. தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி. அளவுக் கரண்டி இல்லாவிட்டால், இருமல் மருந்தோடு வரும் அளவு மூடியை நன்றாகக் கழுவிக் காயவைத்து எடுத்துக்கொள்ளுங்கள்.

தராசே இல்லையா?

மதுரைக் கீழமாசி வீதியிலோ உங்கள் ஊர்க் கடையிலோ மளிகை வாங்கும்போது மைதாவை அரை கிலோவாக எடை போட்டு வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் மேலே சொன்னபடி தலை வழித்து, எத்தனை டம்ளர் வருகிறது என்று எண்ணுங்கள். நான்கு வந்தால் உங்கள் டம்ளருக்கு 125 கிராம். சீனிக்கும் இதேபோல் ஒருமுறை பார்த்து, அந்தந்த டப்பா மூடியில் எழுதி ஒட்டிவையுங்கள்.