மோரிஸ் மைனரில் ஆயில் சம்ப் கேஸ்கெட் மாற்றும் முறை

மோரிஸ் மைனர் கார் நின்ற இடத்தில் எண்ணெய்ப் பொட்டு விழுந்தால் எல்லோரும் முதலில் சம்ப் கேஸ்கெட்டைத்தான், அதாவது இஞ்சினுக்கும் அதன் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்புக்கும் நடுவில் கசிவை அடைக்கும் பட்டையைத்தான் சந்தேகிப்பார்கள். பல வண்டிகளில் கசிவு அங்கே தொடங்குவதே இல்லை. மேலே எங்கு கசிந்தாலும் எண்ணெய் வழிந்து கடைசியில் சம்பில்தான் வந்து நிற்கும். ஆகவே ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு நாள் ஒதுக்கி, கசிவின் ஊற்றைத் தேடுங்கள்.

இந்தக் குறிப்பு 803, 948, 1098 சிசி ஏ-சீரிஸ் இஞ்சின்களுக்கு உரியது. மினி காருக்கு இது பொருந்தாது. அதில் சம்ப் இருக்கும் இடத்தில் கியர்பாக்ஸே இருக்கிறது.

முதலில் கசிவைக் கண்டுபிடியுங்கள்

இஞ்சினின் அடிப்பக்கத்தையும் பக்கங்களையும் மண்ணெண்ணெய் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள். சம்பின் விளிம்பு முழுவதும் முகப்பவுடர் தூவி, இருபது நிமிடம் வண்டியை ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் எண்ணெய்க் கோடு எந்த உயரத்தில் தொடங்குகிறதோ அதுதான் ஊற்று. மேலேயுள்ள ராக்கர் மூடி, மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு டாப்பெட் பக்க மூடிகள், முன்பக்க டைமிங் மூடி, ஆயில் ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையம் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். பக்க மூடிகளைப் பலர் பார்ப்பதே இல்லை. அவற்றின் கார்க் காய்ந்து சுருங்கியிருந்தால் சம்ப் முழுவதும் நனைந்திருக்கும்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இந்த இஞ்சினின் கிராங்க்ஷாஃப்டுக்குப் பின்முனையில் ரப்பர் சீல் கிடையாது. எண்ணெயை உள்ளே திருப்பி அனுப்பும் சுருள் மரை மட்டுமே இருக்கிறது. அதைத் தாண்டி வரும் சொட்டுகள் கிளட்ச் கூட்டின் அடியிலுள்ள துளை வழியாக, அதில் தொங்கும் பிளவு ஊசியின் (ஸ்பிளிட் பின்) மேல் இறங்கும். அந்த இடத்தில் விழும் ஓரிரு சொட்டுகளைச் சம்ப் கேஸ்கெட் மாற்றி நிறுத்த முடியாது. அங்கே அதிகம் சொட்டினால் எண்ணெய் அளவு கூடியிருக்கிறதா, டாப்பெட் பக்க மூடியிலிருந்து வரும் மூச்சுக் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். குழாய் அடைத்தால் இஞ்சினுக்குள் அழுத்தம் ஏறி, இடைவெளி கிடைத்த இடத்திலெல்லாம் எண்ணெயைத் தள்ளும்.

வாங்க வேண்டியவை

மொரீஷியஸில் மெக்கானிக்குகள் சம்பைக் கார்த்தேர் என்றுதான் சொல்வார்கள். உதிரிபாகக் கடையில் ‘ஜுவேன் கார்த்தேர்’ என்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதானால் இஞ்சின் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்: 9எம் என்று தொடங்கினால் 948 சிசி, 10எம்ஏ என்றால் 1098 சிசி. செட்டில் இரண்டு பக்கக் கேஸ்கெட்டுகளும், முன்னும் பின்னும் வளைந்த பள்ளத்தில் உட்காரும் இரண்டு கார்க் பட்டைகளும் இருக்க வேண்டும்.

இவற்றோடு வடிகால் போல்ட்டுக்குப் புதிய செம்பு வாஷர், ஆயில் ஃபில்டர், 20டபிள்யூ-50 மினரல் ஆயில் 5 லிட்டர், இறுகிக் கல்லாகாத கேஸ்கெட் பசை ஒரு ட்யூப், பிரேக் கிளீனர், அங்குல அளவு ஸ்பேனர்கள், போல்ட்டை இறுக்கும் விசையைச் சிறிய அளவுகளிலும் காட்டும் டார்க் ஸ்பேனர் ஆகியவை வேண்டும். மில்லிமீட்டர் ஸ்பேனர் ஏறக்குறையப் பொருந்துவது போலத் தோன்றும். ஆனால் போல்ட் தலையை உருட்டிவிடும்.

வண்டியைத் தூக்குதல்

கை பிரேக்கை இழுத்து, பின்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியால் முன்பக்கத்தைத் தூக்கி, இரண்டு ஸ்டாண்டுகள் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கடலோர ஊர்களில் ஓடிய மைனரின் சேஸிஸ் கால்கள் (அடிப்பக்கத்து நீளச் சட்டங்கள்) உப்புக்காற்றில் உள்ளிருந்தே அரித்திருக்கும். ஸ்டாண்ட் வைக்கும் இடத்தைச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். ‘டொப்’ என்று மங்கலான சத்தம் வந்தால் அந்த இடம் வேண்டாம். மொரீஷியஸின் கியூர்ப்பிப் போன்ற மழை ஊர்களில் மண்தரையில் வேலை செய்வதானால் ஸ்டாண்டுக்கு அடியில் தடித்த பலகை போடுங்கள்.

கழற்றுதல்

இஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது எண்ணெயை வடியுங்கள். எண்ணெய் வேகமாக இறங்கும், கசடும் கூடவே வரும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள். சம்ப் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, இரு பக்கமும் நடுவில் ஒவ்வொரு போல்ட்டை மட்டும் கடைசிவரை விட்டுவையுங்கள். சம்ப் ஒட்டிக்கொண்டால் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டுங்கள். ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் சொருகி நெம்பினால் தகடு வளையும், பிளாக்கின் முகத்திலும் கீறல் விழும். அந்தக் கீறல் வழியாகப் பிறகு எந்தக் கேஸ்கெட் போட்டாலும் எண்ணெய் வரும்.

கழற்றிய சம்பின் அடியில் காந்தத்தை இழுத்துப் பாருங்கள். கறுப்புச் சேறு வழக்கமானது. செம்பு நிறத்திலோ வெள்ளி நிறத்திலோ காந்தத்தில் ஒட்டாத துகள்கள் மின்னினால் பேரிங் தேய்கிறது என்று பொருள். அதைக் கவனிக்காமல் மூடாதீர்கள். மேலே தெரியும் ஆயில் வலை வடிகட்டியையும் மண்ணெண்ணெயில் கழுவுங்கள்.

முகங்களைத் தயார் செய்தல்

வேலையின் வெற்றி தோல்வி இங்கேதான். பழைய கேஸ்கெட்டைப் பிளாஸ்டிக் அல்லது மரச் சுரண்டியால் எடுங்கள். கார்க் பள்ளங்களின் மூலையில் ஒரு துணுக்குகூட மிஞ்சக் கூடாது.

இப்போது சம்பின் விளிம்பில் நேரான இரும்பு அளவுகோலை வையுங்கள். போல்ட் துளைகளைச் சுற்றித் தகடு மேடாக எழும்பியிருக்கும். முன்பு யாரோ அளவுக்கு மீறி இறுக்கியதன் தடம் அது. அப்படியே பூட்டினால் துளையருகே மட்டும் கேஸ்கெட் நசுங்கி, இரண்டு போல்ட்டுகளுக்கு நடுவில் அழுத்தமே இருக்காது. கேஸ்கெட் உட்காரும் முகம் மேலே இருக்கும்படி விளிம்பைக் கட்டையின் மேல் வைத்து, மேடுகளைச் சிறு சுத்தியலால் மெதுவாகத் தட்டிச் சமப்படுத்துங்கள். அளவுகோலுக்கு அடியில் வெளிச்சம் தெரியாமல் போகும்வரை தட்டுங்கள். பிறகு இரு முகங்களையும் பிரேக் கிளீனரால் துடையுங்கள்.

பூட்டுதல்

கார்க் பட்டைகள் விறைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வெதுவெதுப்பான நீரில் ஊறப்போட்டுத் துடைத்தால் முறியாமல் வளையும். பள்ளத்தில் உட்கார்த்தும்போது முனைகள் ஒரு மில்லிமீட்டர் அளவு வெளியே நிற்கட்டும். சமமாக இருக்கட்டும் என்று வெட்டிவிடாதீர்கள், அந்த நீட்சிதான் மூலையை அடைக்கிறது. பக்கக் கேஸ்கெட் கார்க்கைச் சந்திக்கும் நான்கு மூலைகளிலும் பட்டாணி அளவு பசை போதும். அதிகம் பூசினால் உள்ளே பிதுங்கி உடைந்து, வலை வடிகட்டியை அடைத்துவிடும்.

கேஸ்கெட்டைச் சம்பின் மேல் மெல்லிய பசையால் ஒட்டுங்கள். நழுவினால் போல்ட் துளைகள் வழியாகத் தையல் நூலால் இரண்டு இடங்களில் கட்டிவிடலாம். போல்ட்டுகள் பிடித்ததும் நூலை உருவிவிடுங்கள். படுத்துக்கொண்டு சம்பைத் தூக்கிப் பிடிப்பது சிரமம். அதே மரையுள்ள இரண்டு நீள போல்ட்டுகளின் தலையை அறுத்து எதிரெதிர் துளைகளில் திருகி வைத்தால், சம்ப் தானாக இடம்பிடிக்கும்.

எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் ஏற்றுங்கள். பிறகு நடுவிலிருந்து முனைகளை நோக்கி, எதிரெதிராக மூன்று சுற்றில் இறுக்குங்கள். கடைசி அளவு 6 பவுண்ட்-அடி, அதாவது 8 நியூட்டன் மீட்டர் மட்டுமே. கைக்கு இது போதாது என்றுதான் தோன்றும். அதைத் தாண்டினால் தகடு மறுபடி மேடாகும், கார்க் பிதுங்கிக் கிழியும்.

எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பார்த்தல்

பசையின் உறையில் சொன்ன நேரம் காத்திருங்கள். சம்புக்கு 3.7 லிட்டர், புது ஃபில்டருக்கு மேலும் அரை லிட்டரளவு பிடிக்கும். 3.7 ஊற்றிவிட்டு, பேட்டரி ஒயரை மாட்டி, இஞ்சின் பற்றிக்கொள்ளாமல் இருக்க இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றிவிட்டு, எண்ணெய் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். காயில் ஒயரை மாட்டி ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சமதளத்தில் சற்று நேரம் கழித்து எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்த்துக் குறையை நிரப்புங்கள். மேல் கோட்டைத் தாண்ட வேண்டாம்.

வெள்ளோட்டத்துக்குப் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்ப்பிப்புக்கு ஏறுங்கள். சுமார் 550 மீட்டர் உயரம் ஏறும்போது இஞ்சின் நன்றாகச் சூடாகி எண்ணெய் இளகும். கசிய வேண்டிய இடம் இருந்தால் அப்போதே காட்டிக்கொடுக்கும். அடுத்த நாள் குளிர்ந்த இஞ்சினில் அதே 8 நியூட்டன் மீட்டரில் போல்ட்டுகளை ஒருமுறை சரிபாருங்கள். கார்க் படிந்ததால் சில போல்ட்டுகள் சற்றுத் தளர்ந்திருக்கும். வடித்த பழைய எண்ணெயை மூடியுள்ள கேனில் ஊற்றி, கழிவு எண்ணெய் சேகரிக்கும் கராஜில் கொடுங்கள். ஒருவேளை பிளவு ஊசியில் மட்டும் ஒரு சொட்டு தொங்கினால், சம்பை மறுபடி கழற்ற வேண்டாம், அடியில் ஒரு தட்டு வையுங்கள்.