சூப்பர் க்ளூவால் மர விரிசலையும் கணுவையும் அடைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

மேசைப் பலகையில் மெல்லிய விரிசல் ஒன்று கண்ணில் படுகிறது. அல்லது கணுவின் ஓரம் கொஞ்சம் விட்டுப்போயிருக்கிறது. உடனே கை சூப்பர் க்ளூவைத் தேடுகிறது. அதில் பிழை இல்லை, மரக் கடைசல் வேலை செய்பவர்கள் இதை அன்றாடம் செய்கிறார்கள். சின்ன விரிசலை அடைக்க இதைவிட வேகமான வழியும் குறைவு. ஆனால் ‘சில நொடிகளில் ஒட்டும்’ என்று குப்பியில் போட்டிருப்பதை அப்படியே நம்பி இறங்கும்போதுதான் வேலை கெடுகிறது. இரண்டு பரப்புகள் நெருங்கி அழுந்தும்போது நடுவில் மெல்லிய படலமாக நிற்கும் பசைக்குத்தான் அந்தக் கணக்கு. குழிக்குள் தேங்கி நிற்கும் பசைக்கு அது பொருந்தாது.

சூப்பர் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். மற்றப் பல பசைகளைப் போல இது உலர்ந்து இறுகுவதில்லை. பரப்பின் மேல் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஈரம் பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிளாஸ்டிக்காக மாறுகின்றன. 1942-இல் துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிக்கொண்டிருந்த அமெரிக்க வேதியியலாளர் ஹாரி கூவரின் குழு, தொட்டதில் எல்லாம் ஒட்டிக்கொள்கிறது என்று சலித்துப்போய் இதை ஒதுக்கிவைத்ததும் அந்த ஈரத்தால்தான். 1958-இல்தான் அது பசையாக விற்பனைக்கு வந்தது. ஆக, ஈரம் எட்டும் இடத்தில் நொடியில் இறுகும், எட்டாத இடத்தில் நேரமெடுக்கும். மரம் இயல்பாகவே கொஞ்சம் அமிலத்தன்மை உள்ளது என்பதால் இறுகுவது இன்னும் தாமதமாகும். ஓக் போல டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுந்த மரங்களில் இது நன்றாகவே தெரியும்.

ஒரேயடியாக ஊற்றுவது

விரிசல் நிரம்பி வழியும்வரை ஊற்றிவிட்டுக் காத்திருப்பதுதான் முதல் தவறு. மேலே தோல் போலப் படிந்துவிடும், தொட்டால் கெட்டியாக இருக்கும், உள்ளே மட்டும் பசை திரவமாகவே கிடக்கும். சில மணி நேரம் கழித்து உப்புத்தாள் போட்டால் மேல்தோல் கிழிந்து உள்ளிருப்பது பிசுபிசுவென்று வெளியே வரும். அதைத் துடைக்கப் போய்ச் சுற்றியுள்ள மரம் முழுக்கத் தீற்றிக்கொள்வதுதான் மிச்சம்.

பசையில் தண்ணீர் மாதிரி ஓடுவது, நடுத்தரம், கெட்டி, ஜெல் என்று வகைகள் உண்டு. முதலில் தண்ணீர் வகையைச் சில சொட்டுகள் விடுங்கள். அது இழைகளுக்குள் இறங்கி, உதிரும் நிலையில் இருக்கும் ஓரங்களைக் கட்டிப்போடும். அது இறுகிய பிறகு நடுத்தர வகையை மெல்லிய அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றும் இறுகும்வரை பொறுத்திருந்து மேலே வாருங்கள். கெட்டிப் பசையில் ஆரம்பித்தால் அது விரிசலின் வாயை மட்டும் மூடிவிடும், அடியில் காற்றுதான் இருக்கும். பிறகு இழைத்துச் சமன் செய்யும்போது அந்தக் காற்றுப்பொந்து ஊசிமுனைத் துளையாக வெளியே தெரியும்.

விரிசல் பலகையின் மறுபக்கம்வரை போகிறதா என்று பார்க்காமல் ஊற்றுபவர்களும் உண்டு. பலகை மேசையோடு ஒட்டிக்கொண்ட பிறகுதான் அது தெரியவரும். அடியில் பெட்டிகளுக்கு ஒட்டும் பிளாஸ்டிக் டேப்பை அழுத்தி ஒட்டினால் போதும். காகித மாஸ்கிங் டேப் பசையை உறிஞ்சி மரத்தோடு ஒன்றாகிவிடும், அதைச் சுரண்டி எடுப்பது தனி வேலை.

சில மில்லிமீட்டருக்கு மேல் அகலமான இடைவெளி என்றால் சூப்பர் க்ளூவை மறந்துவிடுங்கள். இரண்டு திரவங்களைக் கலந்து போடும், மெதுவாக இறுகும் எப்பாக்ஸிப் பசைதான் அங்கே சரி. அடுக்கடுக்காகப் போட்டு எப்படியாவது நிரப்பிவிடலாம்தான். ஆனால் அந்த வீண் உழைப்பில் கிடைப்பது எளிதில் நொறுங்கும் ஒரு கட்டி.

அவசரத்துக்கு முடுக்கி

காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக, பசையை உடனே இறுக்கும் ஸ்ப்ரே ஒன்று விற்கிறது. நல்ல பொருள்தான், அளவு தெரியாமல் அடித்தால்தான் தொல்லை. இறுகும்போது பசை சூட்டை வெளிவிடும். நிறையப் பசையை ஒரே நேரத்தில் முடுக்கிவிட்டால் அந்தச் சூட்டில் அது கொதித்து நுரைத்து, வெள்ளையாகக் குமிழ் குமிழாக உறைந்துபோகும். தெளிவாக இருக்க வேண்டிய இடத்தில் சோப்பு நுரை மாதிரி நிற்கும். அதைத் தோண்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. ஒவ்வொரு மெல்லிய அடுக்குக்கும் கொஞ்சம் தூரத்திலிருந்து லேசாக ஒரு முறை அடித்தால் போதும்.

சமையல் சோடாவும் அதே வேலையைச் செய்யும். அது காரத்தன்மை உள்ளது, பசை பட்டதும் கல்லாகிவிடும். பெயின்ட் அடித்து மறைக்கப்போகும் மரத்துக்கு அது பரவாயில்லை. மர நிறம் தெரியும்படி வைக்கப்போகும் பலகையில் போட்டால் வெள்ளைத் தழும்பாகவே கிடக்கும், அதில் எந்தச் சாயமும் ஏறாது.

மரத்தூள் போட்டால் நிறம் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கை

அதே மரத்தின் தூளைப் பசையோடு கலந்து அடைத்தால் விரிசலே தெரியாது என்று பலர் சொல்வார்கள். எனக்கு இதில் அவ்வளவாக நம்பிக்கை இல்லை. பசை ஊறியதும் தூள் ஈரம் பட்டது போலக் கருக்கும், அந்தக் கருமை பிறகு போகாது. வெளிர் நிற மரத்தில் அது பளிச்சென்று கறையாகத் தெரியும். மறைந்தே ஆக வேண்டும் என்றால், மரத்தைவிட வெளிர்ந்த தூளைத் துண்டு மரத்தில் போட்டுப் பார்த்து முடிவெடுக்கலாம். இல்லையென்றால் மறைக்கும் ஆசையையே விட்டுவிட்டு, கரித்தூளையோ காய்ந்த காப்பித்தூளையோ போட்டுக் கறுப்பாகவே அடைத்துவிடலாம். மரத்தில் கறுப்புக் கீற்றும் கறுப்புக் கணுவும் இயல்பாகவே இருப்பவை, பார்ப்பவர் கண்ணை அது உறுத்தாது. நிறம் ஒத்துப்போகாத பழுப்புத் திட்டுதான் உறுத்தும்.

இன்னொன்று: தூளையும் பசையையும் முன்கூட்டியே கிண்ணத்தில் குழைக்காதீர்கள். குழைத்து முடிப்பதற்குள் சூடேறிக் கட்டியாகிவிடும். தூளை உலர்ந்த நிலையில் விரிசலுக்குள் அழுத்தி, மேலே தண்ணீர் வகைப் பசையைச் சொட்டுவதுதான் முறை. ஆழமான விரிசலென்றால் இதையும் பாதி பாதியாகச் செய்யுங்கள், மேலே முதலில் இறுகிவிட்டால் அடித் தூளுக்குப் பசை போய்ச் சேராது.

இன்னும் நகரும் விரிசல்

மேலே சொன்னவை எல்லாம் பார்வைக்குக் கெடுக்கும் தவறுகள். அடைத்ததே மறுபடி திறந்துகொள்வது வேறு ரகம், அதற்குக் காரணம் பசையல்ல, மரம்.

மரத்தின் ஈரம் கிட்டத்தட்ட 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும்போது அது சுருங்கத் தொடங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒரே அளவில் சுருங்கினால் பிரச்சினையே இல்லை. ஆண்டு வளையங்களின் போக்கில் அது சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளியே நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த இழுபறி தாங்காமல்தான் அடிமரத்தை வட்டமாக அறுத்த துண்டு நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிளக்கிறது. அப்படிப்பட்ட துண்டு நன்றாகக் காய்வதற்கு முன் விரிசலில் பசை ஊற்றினால், பசைக்குப் பக்கத்திலேயே புதிதாக இன்னொரு விரிசல் வரும். இறுகிய சூப்பர் க்ளூ வளையாது, நீளாது. மரம் அசைந்தால் ஒன்று பசை விடும், அல்லது மரம் பிளக்கும்.

காய்ந்த மரமும் முழுக்கச் சும்மா இருப்பதில்லை. வீட்டுக்குள் இருக்கும் மரச்சாமானின் ஈரம் பொதுவாக 6 முதல் 12 விழுக்காட்டுக்குள் காற்றைப் பொறுத்து ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆகவே விரிசலைப் பார்த்ததும் குப்பியைத் திறக்காமல், அது எங்கே முடிகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டுச் சில வாரம் விட்டுவைப்பது நல்லது. கோட்டைத் தாண்டிப் போயிருந்தால் மரம் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கிறது, அடைக்கும் நேரம் வரவில்லை. ஈரமானியில் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

அடைக்கவே கூடாத விரிசல்களும் உண்டு. நாற்காலிக் கால், ஏணிப் படி, சுத்தியல் பிடி போன்ற பாரம் தாங்கும் இடங்களில் சூப்பர் க்ளூ ஆபத்து. நேராக இழுத்தால் தாங்கும், தட்டினாலோ முறுக்கினாலோ விட்டுவிடும். அங்கே சாதாரண மரப்பசையை விரிசலுக்குள் நன்றாகச் செலுத்தி, கிளாம்ப் போட்டு இறுக்கி மூட வேண்டும். பிடி, படி என்றால் மாற்றிவிடுவதே மேல். ‘இப்போதைக்கு இருக்கட்டும்’ என்று முதலில் சூப்பர் க்ளூ விட்டுவிட்டுப் பிறகு மரப்பசைக்கு வருவதும் நடக்காது. இழைகள் ஏற்கெனவே பிளாஸ்டிக் பூசிக்கொண்டுவிட்டதால் மரப்பசை உள்ளே ஊறாது.

கணு

கணு என்பது கிளையின் அடி. உயிரோடு இருந்த கிளையின் கணு சுற்றியுள்ள மரத்தோடு பின்னிப்பிணைந்திருக்கும். செத்த கிளையைச் சுற்றி மரம் வளர்ந்திருந்தால் கணு தனியாக, பெரும்பாலும் கறுப்புப் பட்டை வளையத்தோடு, ஆப்பு போல உட்கார்ந்திருக்கும். விரலால் அழுத்தினால் ஆடும். அதன் மேல் பசையைத் தடவி ஆட்டத்தை நிறுத்துவது அன்றைக்கு மட்டும்தான். பட்டையில் ஒட்டிய பசை பட்டையோடு உரிந்துவரும். உதிரும் பட்டையைக் கூரான முனையால் சுரண்டி எடுத்துவிட்டு, தண்ணீர் வகையைச் சுற்றிலும் ஊறவிட்டு, பிறகு இடைவெளியை நிரப்புங்கள். நிறைய ஆடும் கணு என்றால் தட்டி வெளியே எடுத்து, சுத்தம் செய்து, எப்பாக்ஸியில் மறுபடி பதிப்பதுதான் நிற்கும்.

பைன் போன்ற மரங்களில் கணுவைச் சுற்றிப் பிசின் கசியும். அந்தப் பிசுபிசுப்பின் மேல் எந்தப் பசையும் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்து, அது ஆவியாகும்வரை விட்டுவிட்டுத் தொடங்குங்கள். கணுவை அடைத்துவிட்டால் பிசின் கசிவது நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம், பெயின்டுக்கு முன் ஷெல்லாக் என்ற அரக்குப் பூச்சு அடிப்பது தனியாகத் தேவைப்படும்.

சாயமும் பாலிஷும்

பசை பட்ட இடத்தில் சாயம் ஏறாது. இது தெரிந்தே பலர் வழுக்குவது, விரிசலைத் தாண்டிச் சுற்றிலும் ஊறிய பசையைக் கணக்கில் எடுக்காததால். தண்ணீர் வகை இழை வழியாக எவ்வளவு தூரம் ஓடும் என்று சொல்ல முடியாது. இழைகள் வெட்டுப்பட்டு நிற்கும் பலகை முனைகளில் அது ஆழமாகவே இறங்கும். சாயம் பூசியதும் விரிசலைச் சுற்றி வெளிறிய வளையம் ஒன்று எழும். தேய்த்து எடுக்கலாம் என்றால் ஆழம்வரை தேய்க்க வேண்டும்.

அதனால் பசைக்கு முன்பே விரிசலின் இரு பக்கமும் மெழுகு நீக்கிய ஷெல்லாக்கை மெல்லிதாகப் பூசிக் காயவிடுங்கள். பசை வழிந்தாலும் அதன் மேலேயே நிற்கும், பிறகு இரண்டையும் சேர்த்துத் தேய்த்து எடுத்துவிடலாம். எண்ணெய் மட்டும் பூசப்போகும் மரத்திலும் இதைச் செய்வது நல்லது. இல்லாவிட்டால் எண்ணெய் உறிஞ்சாத பசைத் திட்டுகள் சாய்ந்த வெளிச்சத்தில் பளபளவென்று காட்டிக்கொடுக்கும்.

தேய்க்கும்போதும் ஒரு சிக்கல் இருக்கிறது. மென்மையான மரத்தைவிட இறுகிய பசை கடினம். உப்புத்தாளை விரலில் வைத்துத் தேய்த்தால் மரம் குழிந்து, பசை மேடாக நிற்கும். முதலில் கூரான ஸ்க்ரேப்பரால் மேட்டைச் சீவிவிட்டு, கட்டையில் சுற்றிய தாளால் தேய்த்தால் சமமாக வரும். இயந்திரத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் சூட்டில் பசை இளகித் தாளை அடைத்துவிடும்.

கையும் கண்ணும்

வழியும் பசையைப் பழைய பருத்தித் துணியால் துடைப்பது இயல்பாக வரும் பழக்கம். அதைத்தான் செய்யக்கூடாது. பருத்தி, கம்பளி இழைகளில் சயனோஅக்ரிலேட் மிக வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும், புகையும் வரும். பருத்திக் கையுறையும் வேண்டாம், பாலித்தீன் கையுறை போதும். தண்ணீர் வகைப் பசையை நிறைய விடும்போது எழும் ஆவி கண்ணையும் மூக்கையும் எரிக்கும். முகத்தைக் குப்பிக்கு நேர் மேலே வைக்காமல், சன்னலைத் திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோல்தான் கிழியும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்ல உருட்டிப் பிரிக்கலாம். கண்ணில் பட்டுவிட்டால் இமையை இழுத்துப் பிரிக்காமல் தண்ணீரால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும். அசிட்டோன் கண்ணுக்கு அருகிலேயே வரக்கூடாது.

அப்புறம், திறந்த குப்பியை அப்படியே அலமாரியில் போட்டுவைத்தால் அடுத்த முறை எடுக்கும்போது பாதி கெட்டியாகியிருக்கும். ‘தண்ணீர் வகை’ என்று எழுதியிருந்தாலும் அது இனி விரிசலுக்குள் ஓடாது. சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைத்திருந்தால், அறையின் சூட்டுக்கு வந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். சில்லென்று இருக்கும்போதே திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படிந்து, மிச்சமிருக்கும் பசையையும் இறுக்கத் தொடங்கிவிடும்.