ஊருக்கு உழைத்த அம்மம்மாவுக்குக் கல்வெட்டு அடிப்பது எப்படி

யாழ்ப்பாணத்தில் ஒருவர் காலமானால் 31ஆம் நாள் சடங்கான அந்தியேட்டிக்குக் கல்வெட்டு, அதாவது அவரைப் பற்றிய நினைவுப் புத்தகம், அடித்துக் கொடுப்பது வழக்கம். படம், இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, பஞ்சபுராணம், வாழ்க்கை வரலாறு, புலம்பல், நன்றி நவிலல் என்று அதற்கொரு வரிசை உண்டு. அதை மாற்றத் தேவையில்லை. கவனம் வேண்டியது வாழ்க்கை வரலாற்றில்தான். என் அம்மம்மா யாழ்ப்பாணத்துத் தென்மராட்சிப் பகுதியில் மாதர் சங்கத்தோடு காலம் முழுக்க அலைந்தவர். 'பரோபகாரி, தயாள குணம் கொண்டவர்' என்று எழுதினால், அவர் செய்த ஒரு வேலைகூட அதில் வராது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த கையோடு தொடங்குங்கள். அச்சகத்துக்கு ஒரு வாரமாவது விடவேண்டும்.

முதலில் ஊரிலுள்ள வயதான பெண்களிடம் போங்கள். "அவ எப்பிடிப்பட்டவ?" என்று கேட்டால் "தங்கமான மனுசி" என்பதோடு கதை முடிந்துவிடும். "உங்கட வீட்டுக்கு முதன்முதல் என்ன அலுவலா வந்தவ?" என்று கேளுங்கள். போனில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, குறுக்கே பேசாமல் இருங்கள். ஆண்டு யாருக்கும் நினைவிருக்காது. "புயலுக்கு முன்னமோ பிறகோ?" என்றால் 1964 பிடிபடும், "இந்தியன் ஆமி வந்த நேரமோ?" என்றால் 1987. இப்படிக் கேட்டபோதுதான், 1995 ஒக்டோபர் 30 போர் இடப்பெயர்வில் வலிகாமப் பகுதிச் சனம் எங்கள் பக்கம் வந்து சேர்ந்த கதையும் வந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில் தங்கியிருந்த ஒரு பிள்ளைப்பெற்ற பெண்ணுக்கு அம்மம்மா நாள்தவறாமல் மருந்துச் சரக்கு அரைத்துக் கறி காய்ச்சிக் கொண்டுபோயிருக்கிறார். வீட்டில் ஒருவருக்கும் அது தெரியாது. அந்தப் பெண்ணே சொன்னார்.

அடுத்தது கொப்பிகள். சங்கக் கூட்ட அறிக்கை, சேமிப்புக் கணக்கு, தையல் வகுப்பு வரவு எதையும் பழைய கடதாசி என்று எறியவிடாதீர்கள். அம்மம்மாவின் சேமிப்புக் கொப்பியில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பேனையால், "காசு கையில் குடுக்க வேண்டாம். பிள்ளையின் பேரில் புத்தகம் திறக்கவும்" என்று இருந்தது. பெயரை மறைத்து அந்தப் பக்கத்தை அப்படியே படமாகப் போட்டோம். புலவர் எழுதிய எந்தப் பாட்டையும்விட அதில்தான் அவர் இருக்கிறார் என்பது என் எண்ணம்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சமூக சேவை செய்தவரிடம் ஊரின் துன்பமெல்லாம் வந்திருக்கும். அடிவாங்கிய மனைவி, கைவிடப்பட்ட பிள்ளை, கடன்பட்ட குடும்பம்: இவர்கள் அவரை நம்பிச் சொன்னவை அவை. எழுதியதை உரியவருக்கு வாசித்துக் காட்டி, சம்மதம் கிடைத்தால் மட்டும் போடுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், எவ்வளவு நல்ல கதையானாலும் சரி.

திதி வெண்பாவுக்கு ஆண்டு, மாதம், பக்கம் (வளர்பிறையா தேய்பிறையா), திதி நான்கையும் கோயில் ஐயரிடம் சரிபார்த்த பிறகே புலவரிடம் கொடுங்கள். சின்னப் பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள். போனில் எடுத்தால் மங்கிவிடும். நடுவில் பின் அடிக்கும் புத்தகமென்றால் பக்கங்கள் நான்கின் மடங்காக வரவேண்டும். வாசிக்கப்போவது பெரும்பாலும் அவர் வயதுக்காரர், எழுத்தைப் பெரிதாகப் போடச் சொல்லுங்கள்.

அந்தியேட்டிக்கு வருபவர்களின் கணக்குக்கு மேலாகக் கொஞ்சம் அடியுங்கள். மாதர் சங்கத்துக்கும் முன்பள்ளிக்கும் கொடுக்கவேண்டும். 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் இத்தகைய நினைவு மலர்களைச் சேர்த்து வைக்கிறது; ஒரு பிரதியை அவர்களுக்கும் அனுப்புங்கள்.